தூசி

பற்றரி மூடி உடைந்திருந்ததால்
ஆறாயிரம் குறைத்தார் வவுனியாக் கடைக்காரர்.
மூடிக்கு இறப்பர் வளையம் போட்டேன்,
கீரைக்கட்டோடு சும்மா வந்தது.
இரண்டு சீட்டுக் காசு அந்தக் கமராவுக்குள் இருப்பது
அம்மாவுக்குத் தெரியாது.
இப்போது தெரியும்.

ஒட்டுசுட்டான் பால் நிலையத்தில்
விடிய ஐந்தரைக்குக் கொழுப்புப் பார்க்கிறவள் நான்.
எட்டரைக்குப் பவுசர் போய்விடும்.
அதன்பிறகு முத்தையன்கட்டு வாய்க்கால் கட்டில்
குப்புறக் கிடப்பேன், தும்பிகளுக்காக.
"தங்கச்சி, என்ன துலைஞ்சது?" என்று
ஓட்டோவை நிறுத்திக் கேட்பார்கள்.

ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ் முழுக்கப் பிளாஸ்டிக்.
தீப்பெட்டிப் பாரம்.
ஆனாலும் மம்மல் பொழுதில் அது வெளிச்சம் குடிக்கிற விதம்!
பழைய சூம் லென்ஸுக்குள் பூஞ்சணம் வேர்விட்டிருக்கிறது.
அரிசி வாளிக்குள் வைத்தேன்.
சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சின்னச் சிலிக்காப் பக்கற்றுகளை
ஊர் முழுக்கக் கேட்டு வாங்கினேன்.
போகவில்லை.
எதிர்வெயிலில் எவரை எடுத்தாலும் ஒரு வெள்ளை மூட்டம்.
கல்யாண வீட்டார் அதை ஸ்டைல் என்றார்கள், நான் மறுக்கவில்லை.

ரைப்பொட் மூவாயிரத்து இருநூறு, காற்றுக்கு ஆடும்.
நடுக்கம்பியில் பால் கான் கட்டித் தொங்கவிட்டால் ஆடாது
(வெறுங்கான் போதாது, வாய்க்கால் தண்ணீர் நிரப்பவேண்டும்).
ஃப்ளாஷுக்கு யோகட் கோப்பை.
மக்ரோ வளையம் மூன்று, ஆயிரத்து எண்ணூறு.
அதில் கண்ணாடி இல்லை, ஒன்றும் இல்லை.
"ஓட்டைக்கோ காசு?" என்று தம்பி சிரித்தான்.
அந்த ஓட்டையால்தான் பார்த்தேன்
தும்பியின் கண்ணில் வாய்க்காலை, வானத்தை, என் தொப்பியை.

மாசி மாதம், யோகாம்பிகை அக்கா
நாலரை லீற்றரோடு ஒரு பொலித்தீன் உறையும் கொண்டுவந்தா.
விளையாட்டுப் போட்டிக் குழுப்படம், மஞ்சள் இல்லம்.
தண்ணீர் குடித்த படம்.
ஒரு மூலையில் ஆட்களே இல்லை.
"ரெண்டாம் வரிசை, இடப்பக்கத்தால நாலாவது.
இவனை மட்டும் பெருசாக்கித் தா.
வேற படம் இல்லை."

முகம் பயறளவு.

கான் மூடியால் வெயிலைத் திருப்பிவிட்டு
வளையம் மூன்றையும் போட்டேன்.
மூச்சு விட்டாலே நழுவுகிற கூர்மை.
கிட்டப் போனேன், கண் வந்தது.
இன்னும் கிட்டப் போனேன்,
கண் போய்ப் புள்ளி வந்தது,
புள்ளியும் போய்க் கடதாசியின் நார்.
ஒரு வளையத்தைக் கழற்றிவிட்டுப் பின்வாங்கினேன்.
திரும்பி வந்தான்.

என் கமராவின் சென்சரில் ஒரு தூசி உண்டு.
காது கழுவுகிற இறப்பர்க் குமிழால் ஊதியும் போகாதது.
எந்தப் படத்திலும் நடுவுக்குச் சற்றுக் கீழே விழும்.
இரவில் போனில் போட்டு
விரலால் தடவித் தடவி அழிப்பது வழக்கம்.
அன்றும் அழித்தேன்,
நாடியில் இருந்ததை.

முல்லைத்தீவில் பிரின்ற், ஆறுக்கு எட்டு.
அக்கா ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினா.
கனநேரம் பார்த்தா.
"இவன்ர நாடியில வெட்டு எங்க?
கிணத்துக்கட்டில விழுந்தவன். மூண்டு தையல்."

தூசி என்றேன்.
தூசி என்று நினைத்துவிட்டேன் என்றேன்.

வரிசையில் கான்கள் ஒன்றோடொன்று முட்டின.
யாரோ பால் புளிக்கப்போகுது என்றார்.
அக்கா நகரவில்லை.

மெமறி காட்டில் தொடாத படம் இருந்தது, நல்லகாலம்.
திரும்ப முல்லைத்தீவு பஸ், திரும்பப் பிரின்ற் காசு.
இந்தமுறை ஒன்றையும் நான் தடவவில்லை.
நாடிக்குக் கிட்டக்கிட்ட இரண்டு புள்ளிகள்,
ஒன்று அவனுடையது, மற்றது என் கமராவினது.
எவ்வளவு பெருப்பித்தும் எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

அக்கா யோசிக்காமல் ஒன்றில் விரலை வைத்தா.
பிறகு கானைத் திறந்து
ஊற்றினா.
நாலரை லீற்றர், கொழுப்பு நாலு தசம் ஒன்று.
எழுதினேன்.